எட்டு மணி மாத்திரையும் ஹெர்மன் வால்ட்மனும்

கேள்வி: உலகம் அதிகம் பேசாத, ஆனால் உங்கள் வீட்டைத் தொட்ட விஞ்ஞானி யார்?

எனக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர் ஹெர்மன் வால்ட்மன். நோயெதிர்ப்பு ஆராய்ச்சியாளர். முதலில் கேம்பிரிட்ஜ், 1994 முதல் ஆக்ஸ்போர்டு. அவருக்கும் வியாசர்பாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், என் தம்பியிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அம்மா அவனுக்கு ஒரு கிட்னி கொடுத்தார். அன்றிலிருந்து காலை எட்டு மணி, இரவு எட்டு மணி, டாக்ரோலிமஸ்; புதுக் கிட்னியை உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் மாத்திரை. தவறவே கூடாது. நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். டாக்ரோலிமஸ் அளவு பார்க்க வருகிறவர்களுக்குக் காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். அதனால் கையில் சின்ன டப்பாவோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்த உடனே தண்ணீர் பாட்டிலைத் திறப்பார்கள். தம்பிக்கும் நான்தான் எடுப்பேன். மருந்து ரத்தத்தில் ஏறினால் கை நடுங்கும், சர்க்கரை கூடும், கிட்னிக்கே கெடுதல். இறங்கினால் அம்மாவின் கிட்னியை அவன் உடம்பு எதிரியாகப் பார்க்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஏழு வருடமாக எங்கள் வீடு ஓடுகிறது.

அவன் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். முதல் வருடம் மருந்தின் அளவு அதிகமாக இருந்தபோது அளவெடுக்கும் வெர்னியர் காலிபரைப் பிடித்தால் அதன் தாடை, செய்த பாகத்தின் மேல் நிற்காமல் டக் டக் என்று தட்டும். முதலாளி நல்லவர், அளவு பார்க்கும் வேலையை வேறு பையனிடம் கொடுத்தார். தம்பிக்கு அதுதான் ஆபரேஷனைவிடப் பெரிய வலி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிவிட்டது, எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். மாத்திரை இரண்டு வேளைக்குத்தான் இருந்தது. இந்த மருந்து தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. பெரம்பூர் வரை தண்ணீரில் நடந்து போய் வாங்கி, கவரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம்தான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, இந்த மாத்திரையை நிறுத்த யாராவது வழி தேடுகிறார்களா என்று படித்தேன். வால்ட்மன் அப்படித்தான் கிடைத்தார்.

ஆன்டிபாடி என்பது ஒரு குறிப்பிட்ட இலக்கில் போய் ஒட்டும் நோயெதிர்ப்புப் புரதம். 1975-ல் கேம்பிரிட்ஜில் மில்ஸ்டைன், கோஹ்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். ஒரே அச்சில் அடித்த பாகம் மாதிரி எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை, 1984-ல் நோபல் வந்தது. அதே ஊரில் இருந்த வால்ட்மன் குழு அந்த முறையை வைத்து, வெள்ளை அணுக்களில் லிம்போசைட்டுகள் என்ற வகையை மட்டும் பிடித்து அழிக்கும் ஓர் ஆன்டிபாடியை எலியிலிருந்து எடுத்தது. பெயர் கேம்பத்-1. கேம்பிரிட்ஜ் பேத்தாலஜி என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். எலும்பு மஜ்ஜை மாற்றும்போது, கொடுத்தவரின் அணுக்கள் வாங்கியவரின் உடம்பையே தாக்கும் ஆபத்து உண்டு. கொடுக்கப்போகும் மஜ்ஜையை முன்கூட்டியே கேம்பத்-1 கொண்டு சுத்தம் செய்தால் அதைத் தடுக்கலாம் என்று 1984-ல் காட்டினார்கள்.

ஆனால் எலியின் ஆன்டிபாடியை நேரடியாக மனிதனுக்குப் போட்டால், உடம்பு அதையே அந்நியமாகப் பார்த்து எதிர்க்கும். இங்கேதான் கிரெக் வின்டர் என்ற விஞ்ஞானி வருகிறார். 1988-ல் அவரும் வால்ட்மன் குழுவும் சேர்ந்து, எலி ஆன்டிபாடியில் இலக்கைப் பிடிக்கும் ஆறு வளையங்களை மட்டும் எடுத்து மனித ஆன்டிபாடியில் பொருத்தினார்கள். தம்பிக்கு இதை விளக்கியபோது அவனே சொன்னான்: "டூல் ஹோல்டர் நம்மளுது, முனையில இருக்குற பிட் மட்டும் எலியோடது. அதானக்கா?" அதேதான். இதைவிடச் சரியாக நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த மருந்துதான் அலெம்டுசுமாப். 2001-ல் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது, பின்னர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கும். வின்டருக்கு ஆன்டிபாடிகளில் செய்த வேறு ஒரு வேலைக்காக 2018-ல் நோபல் கிடைத்தது.

வால்ட்மன் இதோடு நின்றிருந்தாலே பெரிய வாழ்க்கை. என்னைப் பிடித்தது வேறு ஒன்று. அணுக்களை அழிக்கும் மருந்தைச் செய்தவரே, அழிக்காமல் பழக்க முடியுமா என்று கேட்டார். 1986-ல் சுண்டெலிகளுக்கு சிடி4 என்ற இடத்தில் ஒட்டும் ஆன்டிபாடி கொடுத்தார்கள். லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி அணுக்களில், ஒரு பிரிவின் மேல் இருக்கும் அடையாளம் அது. அந்த நேரத்தில் உள்ளே வந்த அந்நியப் புரதத்தை அந்தச் சுண்டெலிகள் பிறகும் எதிர்க்கவில்லை. அப்புறம், அணுக்களைக் கொல்லாமல் சும்மா ஒட்டி மூடிவைக்கும் ஆன்டிபாடிகளைச் சில வாரம் மட்டும் கொடுத்து, வேறு சுண்டெலியின் தோலை ஒட்டவைத்தார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் தோல் அப்படியே நின்றது.

1993-ல் வந்த ஆய்வுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அப்படிப் பழகிய சுண்டெலிக்குள், பழகாத வேறு சுண்டெலியின் டி அணுக்களைச் செலுத்தினார்கள். புதிதாக வந்தவை ஒட்டிய தோலைத் தாக்க வேண்டும் அல்லவா? தாக்கவில்லை. ஏற்கெனவே பழகியிருந்த அணுக்கள் அவற்றைத் தடுத்தன. கொஞ்ச நாளில் புதியவையும் பழகி, தங்களுக்குப் பின்னால் வந்தவற்றையும் பழக்கின. நோய் தொற்றுவது போல, எதிர்க்காமல் ஏற்கும் இந்தச் சகிப்பும் தொற்றுகிறது என்று அதற்கே பெயர் வைத்தார்கள். உடம்பிலேயே அடக்கிவைக்கும் அணுக்கள் உண்டு என்பதைப் பல வருடம் பெரும்பாலோர் நம்பாமல் இருந்த காலம் அது. அந்த அணுக்களை ஷிமோன் சகாகுச்சி 1995-ல் அடையாளம் காட்டினார். 2025-ன் மருத்துவ நோபல் அவருக்கும் மேரி பிரன்கோவுக்கும் பிரெட் ராம்ஸ்டெலுக்கும் போனது. செய்தியைப் பார்த்ததும் எனக்கு வால்ட்மனின் சுண்டெலிகள்தான் ஞாபகம் வந்தன.

மனிதர்களில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? கேம்பிரிட்ஜில் அறுவை சிகிச்சை நிபுணர் ராய் கால்ன், கேம்பத் கொடுத்துவிட்டு அதன் பிறகு டாக்ரோலிமஸ் மாதிரியான சைக்ளோஸ்போரின் ஒன்றை மட்டும் குறைந்த அளவில் வைத்துக் கிட்னியைக் காப்பாற்ற முடியும் என்று 13 நோயாளிகளில் காட்டி 1998-ல் எழுதினார். முழுச் சகிப்பு இல்லை, அதற்குக் கிட்டத்தில் என்று அவரே நேர்மையாகப் பெயர் வைத்தார். அமெரிக்காவில் ஒரே ஆளிடமிருந்து கிட்னியோடு மஜ்ஜை அணுக்களையும் கொடுத்து, சிலர் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அதற்கான முன் சிகிச்சையே கடுமையானது. சுண்டெலிக்கு எளிதாக நடந்தது மனிதனுக்கு நடக்காததற்கு ஒரு காரணம், நாம் கூண்டில் வளரவில்லை. எத்தனையோ கிருமியைப் பார்த்துப் பழைய ஞாபகம் வைத்திருக்கும் டி அணுக்கள் நம்மிடம் நிறைய. அவற்றைப் பழக்குவது கஷ்டம்.

இதைச் சொன்னபோது தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த எலிக்குக் கெடச்சது எனக்கு எப்போக்கா கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டான். தெரியலடா என்று சொன்னேன். ஆனால் யாரோ ஒருவர் நாற்பது வருடமாக இதே கேள்வியை விடாமல் கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு தைரியம் வந்தது. அவனுக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது மருந்து குறைந்து கை நடுக்கம் நின்றுவிட்டது, காலிபர் திரும்ப அவனிடம்தான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் மாத்திரையைக் குறைத்துப் பார்க்காதீர்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு மாதம் நிறுத்திய ஒருவர், கிட்னி கெட்டால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் ஏறி மறுபடி டயாலிசிஸுக்கே போனதை எங்கள் லேபில் பார்த்தேன். அவருக்குக் கிட்னி கொடுத்தது அவர் மனைவி. ரிப்போர்ட்டை வாங்க வந்ததும் அந்த அம்மாதான்.