தகரத்துக்குக் கீழே ஒரு சாண்

கேள்வி: கிடுகு வீட்டைப் பிரித்துவிட்டுக் கல்வீடு கட்டுகிறோம். காற்று வரட்டும் என்று மேசன் சுவருக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு சாண் விட்டிருக்கிறார். மலேரியா வரும், அடைத்துவிடு என்கிறார் மாமி. மலேரியாதான் இப்போது நாட்டிலேயே இல்லையே?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: தங்கச்சி, மாமி அந்தக் காய்ச்சலைக் கண்டவராக இருப்பார். 1999இல் மட்டும் இலங்கையில் 2 இலட்சத்து 64 ஆயிரம் பேருக்கு மலேரியா. அந்த நாட்களில் நான் மூதூர்ப் பக்கம் மருந்தடிக்கிறவர்களோடு திரிந்தவன். விடியப்புறம் ரோர்ச்சும் உறிஞ்சு குழாயுமாகப் போய்ச் சுவரில் நுளம்பு பிடிப்பதும் எங்கள் வேலைதான். பூசி வெள்ளையடித்த கல்வீட்டில் ஒன்றிரண்டு அகப்படும். கொட்டிலில் மண்சுவர் வெடிப்பிலும் கிடுகு மடிப்பிலும், குடித்த இரத்தத்தில் வயிறு புடைத்து, அசைய மாட்டாமல் குந்தியிருக்கும். பாய் விரித்த இடத்துக்கு நேர் மேலே!

கதிர்காமப் பக்கம் ஆராய்ந்தவர்களும் கிடுகு வீட்டுக்காரருக்கு மலேரியா ஆபத்து 2.5 மடங்கு என்று 1991இலேயே எழுதினார்கள். தூங்குகிறவர்களின் மூச்சும் வியர்வை வாசமும் அந்த ஒரு சாணால் வெளியே போகும், நுளம்பு அதே வழியால் உள்ளே வரும். ஆபிரிக்காவின் காம்பியாவில் வீடுகளுக்கு வலை அடித்துப் பார்த்தார்கள். மலேரியா வந்தால் இரத்தம் குறையுமல்லவா? வலையில்லாத வீடுகளில் 100க்கு 19 பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை, வலை அடித்த வீடுகளில் 12 அளவில்தான்.

அதற்காகச் சீமெந்து வைத்து அடைத்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே அவிந்து போவீர்கள். மேசன் விட்ட இடைவெளி இருக்கட்டும். அதில் பொடிக்கண் நைலோன் வலையை இழுத்து, மரச்சட்டம் வைத்து ஆணி அடிக்கச் சொல்லுங்கள். யன்னலுக்கும் அப்படியே. கதவுக்குக் கீழே விரல் நுழைகிற நீக்கல் இருந்தால் செலவழித்த காசு வீண்.

மலேரியா இல்லை என்பது சரிதான். சான்று கிடைக்குமுன் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அந்தச் சான்றைத் தந்தது 2016 செப்டெம்பரில். அதை வீடு மட்டும் சாதிக்கவில்லை: மருந்தடிப்பு, இரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் சேர்ந்தது. ஆனால் அந்த வருடம் முடியுமுன்னே மன்னாரில் புதிதாக ஒரு மலேரியா நுளம்பு, அனோபிலிஸ் ஸ்டெபென்சி, அகப்பட்டது. நம்முடைய பழைய நுளம்பு ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் குழிகளைத் தேடிப் போகும். இந்தப் புதியதற்குக் கிணறும் தண்ணீர்த் தாங்கியுமே போதும். வெளிநாடு போய்வருகிறவர்கள் இன்னமும் காய்ச்சலோடு வந்து இறங்குகிறார்கள்.

வலை வாங்கப் போகிற அன்றே கிணற்றின் அளவையும் எடுத்துக்கொண்டு போங்கள். மிஞ்சுகிற துண்டு அதற்கு மூடியாகும்.