ஒரே ஆண்டெனா, இரண்டு பெட்டி: ஸ்ப்ளிட்டர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்ப்ளிட்டர் பற்றித்தான். படகில் பேசுவதற்கான வி.எச்.எஃப். ரேடியோவும், கப்பல்கள் தங்கள் இடத்தை ஒன்றுக்கொன்று ரேடியோவில் சொல்லிக்கொள்ளும் ஏ.ஐ.எஸ். கருவியும் ஒரே ஆண்டெனாவைப் பகிர்ந்துகொள்ள வைக்கும் பெட்டி அது. எழுதியவர்களில் பாதிப் பேர், தங்கள் ஏ.ஐ.எஸ். கருவி கேட்க மட்டும் செய்யுமா, அனுப்பவும் செய்யுமா என்று எழுதவே இல்லை. அதைச் சொல்லாமல் "எது வாங்கலாம்?" என்றால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது?

என்னிடம் ஏ.ஐ.எஸ். ரிசீவர் மட்டும் இருக்கிறது. ரிசீவருக்கான ஸ்ப்ளிட்டர் போதுமா?

போதும். அடுத்த வருஷம் டிரான்ஸ்பாண்டருக்கு (கேட்பதோடு அனுப்பவும் செய்யும் கருவி) மாறும் எண்ணம் இருந்தால் இப்போதே டிரான்ஸ்பாண்டருக்கான ஸ்ப்ளிட்டராக வாங்கிவிடுங்கள். ரிசீவர் ஸ்ப்ளிட்டரில் டிரான்ஸ்பாண்டரை மாட்டினால், அதன் 2 வாட்டே உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையரைத் தீர்த்துவிடும்.

ஒரு டி கனெக்டர் வைத்து இரண்டு கருவியையும் இணைத்துவிட்டேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது. எதற்காகத் தனியாக ஸ்ப்ளிட்டர்?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. நீங்கள் இன்னும் மைக்கை அழுத்திப் பேசவில்லை, அல்லது 1 வாட்டில் மட்டும் பேசியிருக்கிறீர்கள். கேட்கும்போது டி கனெக்டர் வேலை செய்யத்தான் செய்யும். சிக்கல் அனுப்பும்போது. வி.எச்.எஃப். ரேடியோ 25 வாட்டைத் தள்ளுகிறது. டி கனெக்டருக்கு எந்தப் பக்கம் ஆண்டெனா, எந்தப் பக்கம் ரிசீவர் என்று தெரியாது. பாதிக்குப் பாதி பிரிந்தால்கூட 12 வாட் ரிசீவருக்குள் போகும். அந்த ரிசீவரோ, ஒரு வாட்டை லட்சம் கோடித் துண்டாக்கினால் வரும் ஒரு துண்டைவிடச் சின்ன சிக்னலையும் பிடிக்கச் செய்தது. காதோடு காதாகப் பேசும் ரகசியத்தைக் கேட்க உட்கார்ந்தவர் காதில் கப்பல் சங்கை ஊதினால் எப்படி இருக்கும்?

இப்படிச் செத்த ஒரு ரிசீவரைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஆண்டெனா சாக்கெட்டை அடுத்த முதல் சில்லு ஓரம் பழுப்பேறியிருந்தது. மற்றதெல்லாம் புதுசு மாதிரி. பச்சை விளக்குகூட எரிந்தது. கொண்டுவந்தவர் "பக்கத்தில் கப்பலே இல்லை என்றல்லவா நினைத்தேன்" என்றார். எனக்குப் பயமே அதுதான். பெட்டி செத்தது தெரியாது, திரை காலியாக இருக்கும், கடலும் காலி என்று நம்பிவிடுவீர்கள்.

ரிசீவர் பிழைத்தாலும் கணக்கு உதைக்கிறது. இரண்டு 50 ஓம் கருவிகளைப் பக்கவாட்டில் சேர்த்தால் 25 ஓம். ரேடியோவுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் கச்சிதம்) 2-ஐத் தொடும், பத்தில் ஒரு பங்கு சக்தி திரும்பி வரும். டி.வி. ஸ்ப்ளிட்டர் போடுகிறவர்களுக்கும் இதே பதில்: அது 75 ஓம், அனுப்பும் சக்தியைத் தாங்கச் செய்ததும் அல்ல. சரியான ஸ்ப்ளிட்டர், ரேடியோ அனுப்பத் தொடங்கியதும் அதை உணர்ந்து, ஏ.ஐ.எஸ். பக்கத்தைக் கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். நீங்கள் காசு கொடுப்பது அந்தச் சுவிட்சுக்குத்தான்.

நான் ரேடியோவில் பேசும்போது ஏ.ஐ.எஸ். நின்றுவிடுகிறது. பழுதா?

இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். பேச்சைச் சுருக்குங்கள்.

ஸ்ப்ளிட்டர் மாட்டியதிலிருந்து ஸ்பீக்கரில் அரை நிமிடத்துக்கு ஒரு 'டிக்'. நங்கூரம் போட்டால் குறைகிறது.

இப்படிக் கவனித்து எழுதுகிறவரைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. உங்களுடையது 2 வாட் கிளாஸ் பி (சிறு படகுகளுக்கான வகை) டிரான்ஸ்பாண்டராக இருக்க வேண்டும். ஓடும்போது 30 வினாடிக்கு ஒரு முறை, நின்றால் 3 நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் இடத்தைச் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 27 மில்லி வினாடி ஆண்டெனாவை எடுத்துக்கொள்கிறது. அந்த டிக் அதுதான். அவசர அழைப்புக்கான சானல் 16-இல் வரும் பேச்சு இதனால் கெடாது.

ஸ்ப்ளிட்டர் போட்டபின் கப்பல்கள் தெரியும் தூரம் பாதியாகிவிட்டது. ஸ்ப்ளிட்டர் மட்டமா?

கேபிள் என்ன, எத்தனை மீட்டர், ஆண்டெனா எந்த உயரம்? ஒன்றும் எழுதவில்லை. முதலில் ஸ்ப்ளிட்டரை விலக்கிவிட்டு ஆண்டெனாவை நேரே ஏ.ஐ.எஸ்.ஸில் மாட்டிப் பாருங்கள். தூரம் திரும்பி வந்தால் ஸ்ப்ளிட்டரோ, அதனோடு வந்த குட்டி கேபிளோ குற்றவாளி. வராவிட்டால் பாய்மரக் கேபிளைப் பாருங்கள். ஆர்.ஜி.-58 கேபிள் 20 மீட்டர் ஓடினால் பாதிக்கு மேல் அதிலேயே கரைந்துவிடும், ஆர்.ஜி.-213 என்றால் மூன்றில் இரண்டு பங்கு மேலே போய்ச் சேரும். அப்புறம் எஸ்.டபிள்யூ.ஆரை சானல் 16-இன் 156.8 மெகாஹெர்ட்ஸில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஏ.ஐ.எஸ். ஓடுவது 162 மெகாஹெர்ட்ஸ் அருகே. பழைய ஆண்டெனா சில அங்கே முரண்டு பிடிக்கும்.

'இழப்பே இல்லை' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது கேட்கும் திசைக்கு மட்டும். அனுப்பும் திசையில் 1 டெசிபெல் போனால் 25 வாட், 20 வாட் ஆகிவிடும்.

இரண்டு தனி ஆண்டெனா நல்லதா, ஸ்ப்ளிட்டரா?

இடம் இருந்தால் இரண்டு ஆண்டெனா. கப்பல்களுக்கான ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) வழிகாட்டுதல், ஒன்றின் மேல் ஒன்றாக என்றால் 2 மீட்டர், ஒரே மட்டத்தில் என்றால் 10 மீட்டர் இடைவெளி கேட்கிறது. சிறு படகில் 10 மீட்டருக்கு எங்கே போவது? பாய்மர உச்சியில் ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் ஸ்ப்ளிட்டர் வையுங்கள். 16 மீட்டர் உயரத்தில் அடிவானம் 9 கடல் மைல். 4 மீட்டர் கம்பியில் அதில் பாதி. ஆனால் பாய்மரம் விழுந்தால் பேச்சும் போச்சு, ஏ.ஐ.எஸ்.ஸும் போச்சு. அவசர ஆண்டெனா ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் போனால்?

நல்லதில் ரேடியோ நேராக ஆண்டெனாவுக்குப் போய்விடும். விளம்பரத்தை நம்பாமல், ஃபியூஸைப் பிடுங்கி, 16 அல்லாத ஒரு சானலில் 1 வாட்டில் யாரையாவது கூப்பிட்டுப் பாருங்கள். ஏ.ஐ.எஸ். கேட்க மட்டுமா, அனுப்புமா என்பதை அதற்குமுன் பார்த்துவிடுங்கள், மறுபடியும் சொல்கிறேன்.

ஜி.பி.எஸ். ஆண்டெனாவையும் இதிலேயே மாட்டலாமா?

முடியாது. அது 1575 மெகாஹெர்ட்ஸ், வேறு உலகம்.

எஃப்.எம். என்று ஒரு துளை இருக்கிறதே?

பாட்டு கேட்க. 156-க்கு வெட்டிய ஆண்டெனாவில் 100 மெகாஹெர்ட்ஸ் சுமாராகத்தான் வரும்.