இரண்டு பக்கம் 'அ'

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி. போகிறான். தினமும் நோட்டில் இரண்டு பக்கம் 'அ' எழுதி வரச் சொல்கிறார்கள். பென்சிலைப் பார்த்தாலே அழுகிறான். கையைப் பிடித்து நான்தான் எழுத வைக்கிறேன். "மத்த பிள்ளைங்க எழுதுறாங்க, இவன் ஸ்லோ" என்கிறார் மிஸ். வீட்டிலோ கதை கதையாகப் பேசுகிறான். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

ஓர் அம்மா, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

கதை கதையாகப் பேசுகிறான் என்கிறீர்களே, அந்த வயதில் அதுதான் படிப்பு. பேச்சு வராவிட்டாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ டாக்டரிடம் போகத்தான் வேண்டும். மூன்றரை வயதில் எழுத வராதது நோயல்ல.

இன்றைக்கு ராத்திரி அந்த 'அ'வை நீங்களே மெதுவாக எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு பெரிய வளைவு, குறுக்கே ஒரு கோடு, நிமிர்ந்து ஒரு கோடு. தமிழில் கடினமான எழுத்துகளில் ஒன்று அது. அகர வரிசையில் முதலில் வருகிறது என்பதற்காக முதலில் எழுத வைக்கிறோம். விவரம் தெரிந்த ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் ட, ப என்று நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்கி, அப்புறம்தான் வளைவுக்குப் போவார்கள். அதுவும் ஐந்து வயதுக்கு மேல்.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் மூன்றோ நான்கோதான் தெரியும். விரல் தசைகளும் அப்படித்தான், மெல்லத்தான் வலுப்படும். பென்சிலை முஷ்டியால் பிடிக்கிற கை அது. நீங்கள் பிடித்து இழுக்கும்போது அந்தக் கை எதையும் கற்பதில்லை, இழுபடுகிறது. தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால்தான் எழுதினார்கள். எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அதைப் பார்த்து வியந்து, தன் பள்ளியிலும் புகுத்தி, 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இங்கிலாந்துப் பிள்ளைகள் மணலில் எழுதியது சென்னையைப் பார்த்து. 1939இல் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரியும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவ வைத்துத்தான் எழுத்தைத் தொடங்கினார்.

ஒரு தட்டில் ரவையைப் பரப்பிக் கொடுங்கள். என் பேத்தி அதில் முதலில் பாம்பு போட்டாள், மழை போட்டாள். பத்து நாள் கழித்து ஒரு 'ட' போட்டுவிட்டு, "தாத்தா, நாற்காலி!" என்றாள். சப்பாத்தி மாவு உருட்டட்டும், துணிக்கு கிளிப் மாட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும். உரிக்கும்போதே கேளுங்கள்: "பட்டாணிக்கு ப, வேற எதுக்கு ப?" பல்லி என்பான், பாட்டி என்பான். சொல்லின் முதல் ஒலியைக் காது பிரித்துக் கேட்கிறதே, வாசிப்பு அங்கேதான் முளைக்கிறது.

மிஸ்ஸோடு சண்டை வேண்டாம். நோட்டு நிறையவில்லை என்றால் அவரைக் கேள்வி கேட்கிற பெற்றோரும் நம்மில்தானே இருக்கிறார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொல்லி, இந்த வருஷம் மட்டும் இரண்டு பக்கத்தை விட்டுவிடச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். அவன் சொன்ன கதை ஒன்றையும் அவன் சொன்ன மாதிரியே சேர்த்து அனுப்புங்கள்.