போஷ் கம்பெனியும் ஹேபர்–போஷ் முறையும்: இரண்டும் ஒரே போஷா?

கேள்வி: வாஷிங் மெஷின், டிரில்லிங் மெஷின் விற்கும் போஷ் நிறுவனத்துக்கும் அமோனியா தயாரிக்கும் ஹேபர்–போஷ் முறைக்கும் தொடர்பு உண்டா? இரண்டும் ஒருவருடைய பெயரா?

ஒருவர் இல்லை, இருவர். ஆனால் ஒரே குடும்பம். நிறுவனத்தைத் தொடங்கியவர் ராபர்ட் போஷ். அமோனியா ஆலையை எழுப்பியவர் அவருடைய அண்ணன் மகன் கார்ல் போஷ். நம் முறைப்படி ராபர்ட், கார்லுக்குச் சித்தப்பா.

நாமக்கல்லில் 22 வருடங்களாக டீசல் பம்ப் பழுது பார்க்கிறேன். லாரி, டிராக்டர், போர்வெல் வண்டி என்று எது வந்தாலும் பம்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவியதும் முதலில் கண்ணில் படுவது வட்டத்துக்குள் எச் எழுத்தைப் போன்ற அந்தச் சின்னம்தான். வயதான டிரைவர்கள் இன்றும் அதை 'மைகோ பம்ப்' என்றுதான் சொல்வார்கள். 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கம்தான் மைகோ. 2008-இல் அதன் பெயர் போஷ் லிமிடெட் என்று மாறியது. பெயர்ப்பலகை மாறினாலும் பட்டறைப் பேச்சு மாறவில்லை.

அந்தச் சின்னம் எழுத்தே இல்லை என்பது பட்டறைக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அது மேக்னட்டோவுக்குள் சுழலும் ஆர்மேச்சரின், அதாவது கம்பி சுற்றிய இரும்புப் பாகத்தின், குறுக்குவெட்டு. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் மேக்னட்டோதான் ராபர்ட் போஷைத் தூக்கி நிறுத்தியது. உல்ம் நகருக்குப் பக்கத்தில் ஆல்பெக் என்ற கிராமத்தில், சத்திரம் நடத்திய விவசாயியின் 12 பிள்ளைகளில் 11-ஆவதாக 1861-இல் பிறந்தவர் அவர். அமெரிக்காவில் எடிசனுடைய நிறுவனத்தில் சில காலம் வேலை பார்த்தார். 1886 நவம்பரில் ஷ்டுட்கார்ட்டில், ஒரு கட்டடத்தின் பின்கட்டில், ஒரு மெக்கானிக்கையும் ஓர் எடுபிடிப் பையனையும் வைத்துக்கொண்டு பட்டறை போட்டார். 1902-இல் அவரிடம் வேலை பார்த்த கோட்லோப் ஹோனால்ட், உயர் மின்னழுத்த மேக்னட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். பிறகு உலகத்தின் கார்கள் எல்லாம் அந்தப் பட்டறையைத் தேடி வந்தன. நான் தினமும் கழற்றி மாட்டும் டீசல் பம்ப்பின் மூதாதையை 1927-இல் அந்தக் கம்பெனி தயாரிக்கத் தொடங்கியது.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இயந்திரங்களால் மட்டும் அல்ல. 1906-லேயே தன் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலையை அவர் கொண்டுவந்தார். ஜெர்மனியில் அப்போது அப்படிச் செய்தவர்கள் மிகச் சிலரே. மற்ற முதலாளிகள் அவரைச் 'சிவப்பு போஷ்' என்று அழைத்தார்கள். இன்றும் அந்த நிறுவனத்தின் பங்குகளில் ஏறக்குறைய 94 சதவீதம் ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. ஷ்டுட்கார்ட்டில் அவர் பெயரில் உள்ள மருத்துவமனையும் அந்த அறக்கட்டளையைச் சேர்ந்ததே. ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும்: இரண்டாம் உலகப் போரின்போது போஷ் ஆலைகளில் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் உழைத்தார்கள். அதே நிறுவனம்தான் ஹிட்லரை எதிர்த்த கார்ல் கெர்டலரை ஆலோசகராக வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கபலமாகவும் இருந்தது.

இனி அண்ணன் மகன். கடைகளில் எந்தப் பெட்டியிலும் இவர் பெயர் இல்லை. நம் பள்ளிப் புத்தகங்களிலும் பெரும்பாலும் 'ஹேபர் முறை' என்று பாதிப் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகவும் வருத்தம் உண்டு.

காற்றில் உள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அமோனியா செய்ய முடியும் என்று 1909-இல் ஆய்வக மேசையில் காட்டியவர் ஃபிரிட்ஸ் ஹேபர். அதை ஆலையாக்கும் பொறுப்பு பாஸ்ஃப் என்ற ஜெர்மன் ரசாயன நிறுவனத்தில் இருந்த கார்ல் போஷிடம் வந்தது. வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர் என்றாலும் அதற்கு முன்பே உலோகவியல் படித்தவர், இரும்பின் குணம் அறிந்தவர். அந்த அறிவுதான் கைகொடுத்தது. ஹேபர் வினையூக்கியாகப் பயன்படுத்திய ஆஸ்மியம் என்ற உலோகம் உலகத்திலேயே கொஞ்சம்தான் இருந்தது. அதற்கு மாற்றுத் தேடி போஷின் சக ஊழியர் ஆல்வின் மித்தாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, கடைசியில் மலிவான இரும்புக் கலவையைப் பிடித்தார்.

அதைவிடப் பெரிய தலைவலி கலனில் இருந்தது. என் பட்டறையில், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைச் சோதிக்கும் கைப்பம்ப் ஒன்று இருக்கிறது. நெம்புகோலை அழுத்தினால் மீட்டர் முள் 200 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு, பக்கம் போகும்போது டீசல் புகைபோலப் பீறிடும். அந்த நேரத்தில் நாசிலுக்கு முன்னால் கையை நீட்டாதே என்று புதிதாக வரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஏறக்குறைய அதே அழுத்தத்தைத்தான் போஷ் ஆள் உயரத்தையும் தாண்டிய கலனுக்குள், 500 டிகிரிச் சூட்டில், தீப்பற்றும் ஹைட்ரஜனை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் நிறுத்தாமல் தாங்கவைக்க வேண்டியிருந்தது. முதலில் செய்த எஃகுக் குழாய்கள் சுமார் 80 மணி நேரத்தில் வெடித்தன. வெட்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. எஃகுக்கு உறுதி தரும் கார்பனை ஹைட்ரஜன் உறிஞ்சிவிட, எஃகு நொறுங்கும் பண்டமாகியிருந்தது.

அவர் கண்ட வழியை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. உள்ளே கார்பன் குறைந்த மெல்லிரும்பில் ஓர் உறை. ஹைட்ரஜன் தின்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. அழுத்தத்தைத் தாங்க வெளியே கனமான எஃகு. உறையைக் கடந்து கசியும் கொஞ்சம் ஹைட்ரஜன் எஃகைத் தாக்காமல் வெளியேற, வெளிச்சுவரில் சின்னச் சின்னத் துளைகள். கசிவை அடைக்கப் போராடுவதே எங்கள் பிழைப்பு; அந்த மனிதர் கசிவுக்கு வழிவிட்டுக் கலனைக் காப்பாற்றினார். 1913 செப்டம்பரில் ஜெர்மனியின் ஓப்பாவ் என்ற ஊரில் அமோனியா ஆலை ஓடத் தொடங்கியது. உயர் அழுத்த முறைகளுக்காக 1931-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மோகனூரில் எங்கள் வயலுக்கு அப்பா யூரியா வீசும்போது, ஈரம் பட்ட மூட்டையிலிருந்து மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும். அது அமோனியா. தூத்துக்குடியிலும் மணலியிலும் உள்ள யூரியா ஆலைகளுக்கு ஆதாரமே அந்த முறைதான். இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சோறு இதை நம்பி இருக்கிறது என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

ஆனால் அந்த ஆலை உரத்தோடு நிற்கவில்லை. முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கும் அங்கிருந்தே நைட்ரஜன் போனது. 1921 செப்டம்பர் 21-ஆம் தேதி ஓப்பாவில் உரக் கிடங்கே வெடித்து 500 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு கார்ல் போஷ் ஐ.ஜி. ஃபார்பன் என்ற மாபெரும் கூட்டு நிறுவனத்தின் தலைவரானார். 1933-இல் யூத விஞ்ஞானிகளைத் துரத்த வேண்டாம் என்று ஹிட்லரிடமே வாதாடினார், பலிக்கவில்லை. செயற்கைப் பெட்ரோலுக்காக அதே ஆண்டு அதே அரசோடு ஒப்பந்தம் போட்டதும் அவருடைய நிறுவனம்தான். குடியிலும் மனச்சோர்விலும் தேய்ந்து 1940-இல் ஹைடெல்பர்க்கில் இறந்தார். சித்தப்பா அவருக்குப் பின்னும் இரண்டு வருடம் இருந்தார்.

வேறு சில போஷ்களையும் இவர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓவியர் ஹிரோனிமஸ் போஷ் நெதர்லாந்துக்காரர். தன் ஊர்ப் பெயரிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர் அது. 1963-இல் டொமினிக்கன் குடியரசின் அதிபராக இருந்த ஹுவான் போஷின் தந்தை கத்தலோனியாவிலிருந்து வந்தவர். நம் ஊர்க் கடைகளில் போஷைப் 'பாஷ்' என்று சொல்வதால் கான்டாக்ட் லென்ஸ் விற்கும் பாஷ் அண்ட் லாம்பும் இதே குடும்பம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த பாஷும் ஜெர்மன் குடும்பப் பெயர்தான். ஆனால் எழுத்தே வேறு, தொடர்பும் இல்லை.

அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். போன வாரம் அவனுடைய வேதியியல் புத்தகத்தில் 'ஹேபர் முறை' என்ற தலைப்பைப் பார்த்ததும் அவனிடம் பென்சில் வாங்கி, பக்கத்தில் '–போஷ்' என்று எழுதிக் கொடுத்தேன். "யார் மாமா அது?" என்றான். பட்டறைக்கு அழைத்துப் போய், நாசில் பம்பின் நெம்புகோலை அவன் கையில் கொடுத்து மீட்டரைப் பார்க்கச் சொன்னேன்.