யார் தேடி வருவார்கள்?

கேள்வி: இணையத்தில் ஓராண்டாக எழுதி வருகிறேன். நடிகர்களின் அடுத்த படம், தங்கம் விலை, ராசிபலன் என்று எல்லாம் எழுதிப் பார்த்தேன், ஆள் வரவில்லை. எனக்கு உருப்படியாகத் தெரிந்தது மோட்டார் ரீவைண்டிங், அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றும் தொழில்தான். எரிந்த காயிலை, அதாவது கம்பிச் சுருளைப் பார்த்தாலே காரணம் சொல்லிவிடுவேன். ஆனால் அதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்? வாசகர்களை இழுக்கும் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: எரிந்த காயிலைப் பார்த்தே காரணம் சொல்கிறவர், ராசிபலன் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது அதுதான். தங்கம் விலையை எல்லாத் தொலைக்காட்சிகளும் காலையிலேயே சொல்லிவிடுகின்றன. அதற்காக உங்களிடம் வர வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது?

அதிகம் பேர் தேடுவதையே எழுதுவது என்ற வழியைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய டிமாண்ட் மீடியா என்ற நிறுவனம், மக்கள் எதைத் தேடுகிறார்கள், எதற்கு விளம்பரம் கிடைக்கும் என்று கணினியில் கணக்கிட்டுத் தலைப்புகளை முடிவுசெய்தது. கட்டுரைக்கு 15 டாலர் அளவில் கொடுத்து, ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்தது. 2011 ஜனவரியில் பங்குச்சந்தைக்கும் வந்தது. அடுத்த மாதமே, சரக்கில்லாத பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளும்படி கூகுள் தன் தேடல் முறையை மாற்றத் தொடங்கியது. அந்த அடியிலிருந்து நிறுவனம் மீளவில்லை. 2017இல் பெயரையே மாற்றிக்கொண்டது. அவர்களிடம் தலைப்பு இருந்தது, சொல்வதற்கு விஷயம் இல்லை. உங்களிடம் விஷயம் இருக்கிறது.

எந்தச் சொல்லை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸைப் பார்க்கலாம், தவறில்லை. ஆனால் அது காட்டுவது ஆள் எண்ணிக்கை அல்ல. ஒரு சொல்லின் உச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற நாட்களை ஒப்பிடும் கணக்கு, அவ்வளவுதான். அதைவிட நம்பகமான கணக்கு உங்கள் கடை வாசலில் இருக்கிறது. வருகிறவர் முதலில் என்ன சொல்கிறார்? 'மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டது' என்றா சொல்கிறார்? 'மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை' என்பார். அதுவே தலைப்பு. இரவில் கைப்பேசியை எடுத்து அவர் தேடப்போவதும் அந்தச் சொற்களைத்தான்.

உள்ளே என்ன எழுதுவது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மும்முனை மோட்டாருக்குள் இருக்கும் மூன்று கம்பிச் சுற்றுகளை (வைண்டிங்) இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு முறைகள் உண்டு. ஸ்டார் இணைப்பில் ஓடும் மோட்டாருக்கு ஒரு முனை மின்சாரம் நின்றால் அந்த மூன்றில் இரண்டு கருகும், ஒன்று புதிதுபோல் இருக்கும். டெல்டா இணைப்பு என்றால் பெரும்பாலும் ஒன்று மட்டும் கருகும். எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் மோட்டார் சுமை தாங்காமல் திணறியிருக்கிறது, அல்லது மின்னழுத்தம் குறைவாக வந்திருக்கிறது. இதைப் படத்தோடு தமிழில் விளக்கினால், கடைக்காரர் சொல்லும் காரணம் சரிதானா என்று விவசாயி தானே பார்த்துக்கொள்வார். 'வைண்டிங் போய்விட்டது' என்ற ஒற்றை வரியைக் கேட்டுப் பணம் கொடுத்துவிட்டு, காரணம் சரிசெய்யப்படாததால் அடுத்த மாதமே மறுபடி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

சினிமாச் செய்திக்கு வரும் கூட்டம் இதற்கு வராது. ஆனால் அந்தச் செய்தி மறுநாளே பழசாகிவிடும். போர்வெல்லிலிருந்து மோட்டாரை மேலே ஏற்ற ஆளும் கூலியும் வேண்டும். பழுது மேலே ஸ்டார்ட்டரில் இருக்கிறதா, கீழே மோட்டாரில் இருக்கிறதா என்று தெரியாமல், சித்திரை வெயிலில் பயிர் வாடத் தவிக்கிறவர் உங்கள் கட்டுரையைக் கடைசி வரி வரை படிப்பார். அடுத்த கோடையிலும் இன்னொருவர் தேடி வருவார்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எதை விவசாயி தானே பார்க்கலாம், எதற்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள். மின்சாரம், உயிர் சம்பந்தப்பட்டது.

முதல் கட்டுரை இந்த உறுமல் பற்றியதாகவே இருக்கட்டும். ஒரு முனை போய் எரிந்த வைண்டிங், சுமையால் எரிந்த வைண்டிங் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, கட்டுரையோடு எனக்கு அனுப்புங்கள். இந்த இதழிலேயே வெளியிடுகிறேன்.