டோன் கேட்கிறது, மோடத்துக்குக் கேட்கவில்லை

கேள்வி: என் விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில், அதை போன் லைனோடு இணைக்கும் மோடம் வழியாக இன்டர்நெட் போனால் ‘நோ டயல் டோன்’ என்று வருகிறது. ரிசீவரை எடுத்தால் டோன் நன்றாகவே கேட்கிறது. புது மோடம் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கட்டுமா?
– வாசகி, மாதுங்கா, மும்பை

பதில்: அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டாதீங்கம்மா. லாமிங்டன் ரோட்டில் என் மேசைக்கு வரும் இப்படிப்பட்ட மோடங்கள் பல நல்ல நிலையில்தான் இருக்கின்றன.

முதலில், சுவரிலிருந்து வரும் வயர் மோடத்தில் ‘லைன்’ என்று போட்ட துளையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துத் துளை டெலிபோனுக்கு. அதே லைனில் உள்ளறையில் இன்னொரு போன் (பாரலல் போன்) இருந்தால், அதன் ரிசீவர் சரியாக வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இவை சரியென்றால் சிக்கல் டோனில். அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்தது. நம்முடையது 400 ஹெர்ட்ஸை ஒட்டியது. சில மோடங்களுக்கு இது பிடிபடாது. கன்ட்ரோல் பேனலில் மோடம்ஸ், பிராபர்ட்டீஸ், கனெக்‌ஷன் என்று போய், ‘வெயிட் ஃபார் டயல் டோன்’ என்பதற்கு எதிரேயுள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். மோடம் டோனுக்குக் காத்திராமல் நம்பரைச் சுழற்றும்.

போனில் கரகரப்பு இருந்தால் அது லைன் கோளாறு. மழைக்காலத்தில் இங்கே சகஜம். லைன்மேனைக் கூப்பிட்டு ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இடி மழை வரும்போல் இருந்தால் முன்கூட்டியே போன் வயரைக் கழற்றிவிடுங்கள், மோடம் உண்மையிலேயே கருகுவது இடி இடிக்கும்போதுதான்.