அடுப்படிக் கேள்வி பதில்: ஒரு கப் கோப்பிக்கு மிசின் வேணுமோ?

கேள்வி: அக்கா, நான் கிளிநொச்சியில அறை எடுத்துத் தனிய இருந்து படிப்பிக்கிறன். காலமை ஏழு மணிக்கு முதல் ஒரு கப் நல்ல ஸ்ட்ரோங்கான கோப்பி குடிக்காட்டி வகுப்பில வாய் திறக்க மனமே வராது. தூளைக் கப்பில போட்டு சுடுதண்ணி ஊத்தினா கடைசி மிடறில மண்டி வாய்க்குள்ள வருது, இன்ஸ்டன்ட் குடிச்சாக் கோப்பி குடிச்ச மாதிரியே இல்லை. கனடாவில இருக்கிற பெரியக்கா ஆவணியில வாறா, ஒரு கப் போடுற மிசின் ஒண்டு கொண்டுவரட்டோ எண்டு கேக்கிறா. என்னட்ட இருக்கிறது கரண்ட் கேத்திலும் ஒற்றைக் காஸ் அடுப்பும்தான். எதை வாங்கலாம்?
(ஒரு ஆசிரியை, கிளிநொச்சி)

பதில்: ரீச்சர், முதல் அக்காவுக்கு ஒரு வொய்ஸ் போட்டு மிசினை வாங்கவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ, மிச்சத்தை ஆறுதலாக் கதைப்பம்.

கனடாவில வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், எங்கட 230. எங்கட மச்சான் ஒருத்தர் ரெண்டு வரியத்துக்கு முதல் இப்பிடித்தான் ஒரு மிசினைச் சேலைகளுக்கு நடுவில வைச்சுச் சுத்திப் பத்திரமாக் கொண்டந்து, கடையில வாங்கின அடப்ரரில கொழுவி, எல்லாரும் கப்போட நிக்க சுவிச்சைப் போட்டார், பட்டெண்டு ஒரு சத்தம், பிறகு பிளாஸ்ரிக் கருகின மணம், அவ்வளவுதான், அந்த மிசின் இப்ப அவையின்ர ஷோகேசில பூச்சாடிக்குப் பக்கத்தில நிக்குது. அந்தச் சின்ன அடப்ரர் பின்னை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. 120 இல ஓடவேண்டிய ஹீற்றருக்கு 230 ஐக் குடுத்தா மூண்டரை மடங்குக்கு மேல சூடு இழுக்கும். ட்ரான்ஸ்போமர் வைச்சு ஓட்டலாம்தான், ஆனா இந்த மிசினுகள் 1,500 வாட் அளவில இழுக்கிறதுகள், அதுக்கேத்த ட்ரான்ஸ்போமர் அம்மிக்கல்லு மாதிரி இருக்கும். லண்டன், ஜேர்மனி, சுவிஸ் சாமான் எண்டா வோல்ட் பிரச்சினை இல்லை. ஆனா உங்கட அறையில பழைய வட்டப் பின் 5 அம்பியர் பிளக்தான் இருக்கெண்டா அது தாங்கிறது 1,150 வாட் மட்டும்தான், கேத்தில் போடேக்கையே பிளக் சுடுதோ எண்டு ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ.

சரி, வோல்ட் சரிவந்தாலும் நான் கப்சூல் மிசின், அதுதான் தூள் அடைச்ச சின்னக் குப்பியைப் போட்டு ஓட்டுற மிசின், வாங்கச் சொல்லமாட்டன். நெஸ்பிரெசோ மாதிரிச் சின்னக் கப்சூல் ஒண்டுக்குள்ள 5, 6 கிராம் தூள்தான் இருக்கு. அது எஸ்பிரெசோ எண்டுற ஒரு சின்ன மிடறு கடுங்கோப்பிக்குக் காணும். நாங்கள் குடிக்கிற பெரிய கப்புக்கு எண்டு கூட நேரம் தண்ணியை ஓடவிட்டா அதே தூளுக்குள்ளால கன தண்ணி போய், கசப்பும் தண்ணியுமா ஒண்டு வரும். கப்சூல் முடிஞ்சா வேற ஆர் கொண்டுவாறது, அடுத்த ஆவணி மட்டும் காத்திருக்கிறதோ?

ஸ்ட்ரோங் எண்டுறது தூளின்ர கணக்கு ரீச்சர். சாதாரணமா 200 மில்லிலீற்றர் தண்ணிக்கு 12, 13 கிராம் தூள் போடுவினம், உங்களைப் போல ஆக்களுக்கு 18 கிராம் வேணும், தட்டின மேசைக்கரண்டியால மூண்டரை. நாங்கள் பொதுவாப் போடுறது குவிச்ச தேக்கரண்டி ஒண்டு, பிறகு சாயம் காணாதெண்டு அடுப்பில வைச்சுக் காய்ச்சு காய்ச்செண்டு காய்ச்சிறது. அதில கசப்புத்தான் கூடும்.

அக்கா ஏதோ கொண்டுவந்தே தீருவன் எண்டா ஏரோபிரஸ் எண்டு கேளுங்கோ. 2005 இல அமெரிக்காவில அலன் அட்லர் எண்டவர் செய்து விட்ட சாமான், பாத்தா பெரிய ஊசிக் குழாய் மாதிரி இருக்கும், கரண்ட் இல்லை, வயர் இல்லை, சூட்கேசில ஒரு சப்பாத்துக்குள்ள செருகிக் கொண்டரலாம். அடியில கடுதாசி வடியைப் போட்டு, தூளைப் போட்டு, கேத்தில் தண்ணி கொதிச்சு ஒரு நிமிசம் ஆறினாப்பிறகு அரைவாசிக்கு ஊத்தி, பத்துத் தரம் கலக்கி, ஒரு நிமிசம் விட்டு, மெதுவா அமத்துங்கோ. அரை நிமிசத்தில இறங்கவேணும். கீழ வாறது அரைக் கப் நல்ல கறுத்தச் சாறு, அதுக்கு மேல பாலோ சுடுதண்ணியோ உங்கட விருப்பம். மண்டி ஒரு சொட்டும் வராது. கீழ வைக்கிற கப் மட்டும் மொத்தமானதா இருக்கட்டும், மெல்லிய கிளாசில வைச்சு அமத்தினா உடைஞ்சு கையும் போகும் கோப்பியும் போகும். கடுதாசியைக் கழுவிக் காயவிட்டா நாலைஞ்சு தரம் பாவிக்கலாம்.

மிசின் வேண்டாம் எண்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணி எப்பிடியெண்டு உங்கட கேத்திலுக்குள்ள எட்டிப் பாத்தாத் தெரியும், அடியில வெள்ளையாச் சுண்ணாம்பு படிஞ்சிருக்கும். கேத்திலுக்கெண்டா தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்க வைச்சாக் கழண்டுடும். மிசினுக்குள்ள இருக்கிற மெல்லிய குழாயில அடைச்சா அதைத் திருத்த ஆளைத் தேடி யாழ்ப்பாணம், கொழும்பெண்டு அலையவேணும். தொண்ணூறுகளில கரண்டே இல்லாம சைக்கிள் டைனமோவைச் சுத்திப் பாட்டுக் கேட்ட சனம் நாங்கள், கையால அமத்திற சாமானைத்தான் எனக்கு இண்டைக்கும் நம்பிக்கை.

கேள்வி: பிள்ளை, மகன் இத்தாலியில இருந்து மோக்காக் கேத்தில் ஒண்டு கொண்டந்து தந்தவன். மில்லில மல்லியும் சுக்கும் சேத்து அரைச்ச எங்கட தூளைத்தான் நிரப்பி, இறுக்கி அமத்திப் போட்டு விறகடுப்பில வைக்கிறன். எரிஞ்ச வாடையும் கசப்பும்தான் வருது, கைபிடியும் உருகிப்போச்சு. சாமான் பிழையோ?
(ஒரு வாசகர், முள்ளியவளை)

பதில்: சாமான் பிழையில்லை ஐயா. 1933 இல அல்போன்சோ பியலெற்றி இத்தாலியில செய்த அதே எட்டுமூலைக் கேத்தில்தான், ஆனா அதை விறகு நெருப்புக்கெண்டு செய்யேல்லை. கீழ் அறையில கொதிக்கிற தண்ணியின்ர ஆவி அமுக்கி, தண்ணியைத் தூளுக்குள்ளால மேல தள்ளுறதுதான் அதின்ர வேலை. அதால நாலு விசயம் பாருங்கோ. தூளை அமத்தவே கூடாது, தட்டி மட்டமாக்கினாக் காணும். எங்கட தூள் மா மாதிரி நைசு, அது அடைச்சுப்போடும், மில்லில தனிக் கோப்பிக்கொட்டையைக் குடுத்து மேசை உப்பு மாதிரிக் குறுணியா அரைச்சுத் தரச்சொல்லிக் கேளுங்கோ. மல்லி சுக்குத் தூளைப் பழையபடி சட்டியிலயே போடுங்கோ, அந்த ருசிக்குச் சட்டிதான் சரி. கீழ் அறைக்குப் பச்சைத்தண்ணி விடாம கொதிச்ச தண்ணியா விட்டு, துணியால பிடிச்சு மூடி, காஸ் அடுப்பில சின்ன நெருப்பில வையுங்கோ, மேல வாறது பொன்னிறமாகிக் கொறகொற எண்டு சத்தம் போடேக்க இறக்கிப்போடவேணும், அந்தச் சத்தத்துக்குப் பிறகு வாறதுதான் நீங்கள் குடிக்கிற கசப்பு.

பக்கத்தில இருக்கிற சின்ன வால்வில சுண்ணாம்பு அடைச்சிருக்கோ எண்டும் பாருங்கோ, அது அடைச்சா ஆபத்து. மற்றது, இதை வாசிச்சுப்போட்டுப் புதுசா வாங்க நினைக்கிற ஆக்களுக்கு: பெட்டியில 1 கப் எண்டு போட்டிருக்கிறது இத்தாலிக்காரர் குடிக்கிற சின்னக் கப், 60 மில்லிலீற்றர் அளவுதான். ஒராள் பால் விட்டு வடிவாக் குடிக்கிறதுக்கு 3 கப் சைஸ் வேணும். அதை அரைவாசி நிரப்பிப் போடலாம் எண்டு பெரிசை வாங்கவும் வேண்டாம், உது எப்பவும் முழுசா நிரப்பினாத்தான் ஒழுங்கா வரும்.

கேள்வி: வன்னியில கோப்பிக் கண்டு நட்டா வருமோ?
(ஒரு வாசகி, மடு)

பதில்: கோப்பியில முக்கியமா ரெண்டு இனம், அராபிகாவும் றொபஸ்ராவும். அராபிகா மலைநாட்டுக் குளிருக்குத்தான். றொபஸ்ரா சூட்டைத் தாங்கும், கபீனும் அதிலதான் ஏறத்தாழ ரெண்டு மடங்கு, ஆனா எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியோட முடிஞ்சு பிறகு மாதக்கணக்கில வெயில். தோட்டமாச் செய்யேலாது. உங்கட பக்கத்துக்குக் கோப்பியோட வேற ஒரு தொடர்பு இருக்குத் தெரியுமோ, 1869 இல துரு நோய் வந்து இலங்கைக் கோப்பியை அழிக்க முதல், அந்தத் தோட்டங்களுக்கு இந்தியாவில இருந்து வந்த சனம் மன்னார்க் கரையில இறங்கி, காடு வழிய நடந்துதான் மாத்தளைக்குப் போனது, காய்ச்சலிலயும் வாந்திபேதியிலயும் வழியிலயே செத்த ஆக்கள் கன பேர்.

ஆசைக்கு ஒரு கண்டு வைக்கிறதெண்டாக் கிணத்தடியில, வாழை நிழலில வையுங்கோ. காய்க்க மூண்டு நாலு வரியம் எடுக்கும், ஒரு கண்டில வாறது கொஞ்சத்தான், வறுத்தா இன்னும் குறையும்.